சேசிஸில் ஒரு ஓட்டை வேண்டும்

ஏப்ரல் மாதம் கெல்புரூக் வண்டிக் கம்பெனியிடமிருந்து அந்தக் கடிதம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தங்கள் வண்டியில் ஓட்டை இருக்க வேண்டுமென்று ஆசைப்பட ஆரம்பித்தார்கள்.

கடிதத்தில் இருந்தது இதுதான். குறிப்பிட்ட சில வருடங்களில் செய்த டிம்பர் என்கிற பிக்கப் வண்டிகளின் அடிச்சட்டத்துக்கு, அதாவது சேசிஸுக்கு, துரு பிடிக்காமலிருக்கப் போடும் பூச்சு சரியாகப் போடப்படவில்லை. குளிர்காலத்தில் பனி உருக ரோட்டுக்கு உப்புப் போடுகிற மாநிலங்களில் இருப்பவர்கள் ஜூன் முப்பதுக்குள் டீலரிடம் வண்டியைக் காட்டலாம். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். சுண்டு விரல் பருமனில் ஒரு கம்பி வைத்திருப்பார்கள். துருப்பிடித்த ஓட்டைக்குள் அந்தக் கம்பி போனால் புது சேசிஸ், செலவு கம்பெனியுடையது. போகாவிட்டால் கறுப்பாக மெழுகு மாதிரி எதையோ அடித்து, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

அதாவது பாதி கெட்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. முழுக்கக் கெட்டிருக்க வேண்டும்.

என் பெயர் கிளேட்டன் பெல்கி. வயது ஐம்பத்து மூன்று. அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறோம். டவுனின் ரோடு பிரிவில் வேலை. குளிர்காலத்தில் லாரியில் உட்கார்ந்து ரோட்டுக்கு உப்புப் போடுவது நான்தான். என் பிக்கப்பை அரித்த உப்பில் பெரும்பகுதி நான் போட்ட உப்பு. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது, என் மனைவி நடீன் உட்பட.

ஆனால் எனக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை. எங்கள் வீடு மலைமேல், மண் ரோட்டின் கோடியில் இருக்கிறது. உப்பு லாரி நிற்கிற டவுன் கராஜ் அங்கிருந்து ஒன்பது மைல். பனி கொட்டுகிற அன்று மற்றவர்கள் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் அவர்களுக்கு முன்னால் நான் கீழே இறங்கியிருக்க வேண்டும். சின்னக் கார் அந்த மேட்டில் ஏறாது. பிக்கப் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. வேறு பிக்கப் வாங்குகிற நிலையிலும் நாங்கள் இல்லை. போன அக்டோபரில் வருடாந்திரச் சோதனை முடித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும்போதே ஆர்மண்ட் சொல்லிவிட்டான்.

"மச்சான், இதான் கடைசி. அடுத்த வருஷம் இந்த வண்டிய என் ஷாப்புக்குக் கொண்டு வராத. போப்பாண்டவரே ஓட்டிட்டு வந்தாலும் ஸ்டிக்கர் கிடையாது."

ஆர்மண்ட் ஜெர்வே, நடீனின் தம்பி. ஆறடி நாலங்குலம். சொந்தமாக மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறான், மாநிலத்தின் சோதனை உரிமமும் உண்டு. அவன் வெல்டிங் வைத்த இடத்தைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம், முழுக்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் அவன்தான்.

கடிதம் வந்தபோது நான் கொஞ்சம் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் என் வண்டியில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். போன செப்டம்பரில் சைலன்சர் கொக்கி மாற்ற அடியில் படுத்தபோது பார்த்திருந்தேன். இடது பக்கம், பின் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னால். விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை போனது. அன்றைக்கு நான் திட்டிய அதே ஓட்டை இப்போது லாட்டரிச் சீட்டு மாதிரி இனித்தது. டவுன் கராஜில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். பழைய எஞ்சின் ஆயிலில் மர அறுப்பு மெஷினுக்கு ஊற்றும் ஆயிலைக் கலந்து சேசிஸ் முழுக்க அடிப்போம். அடித்த சூட்டோடு மண் ரோட்டில் வேகமாக நாலு மைல் ஓட்டினால் புழுதி அதன்மேல் அப்பிக்கொள்ளும். உப்பு உள்ளே போகாது. கோழியை மாவில் புரட்டுவது என்று நடீன் இதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்பது வருடமாகப் புரட்டியிருந்தேன். சுரண்டினேன். கரடியைச் சுரண்டுவது போலிருந்தது. ஓட்டை இருந்த இடத்துக்கு வந்தேன். அங்கே ஓட்டை இல்லை.

வலது பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கும் இல்லை. மறுபடி இடது பக்கம் வந்தேன்.

நடீன் வாசலில் வந்து நின்றாள். எனக்கு அவள் ரப்பர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"ஒரு மணி நேரமா என்ன தேடுற?"

"ஓட்டைய."

"வச்ச இடத்துல இல்லையா?"

"விளையாடாத நடீன். விரல விட்டுப் பாத்தேன். இந்த விரல."

"புண்ணு மாதிரி தானா ஆறிப்போச்சோ என்னமோ. நீ அவ்ளோ எண்ணெய் தேச்சிருக்கல்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆர்மண்ட் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும். இரண்டாவது தட்டு போட்டுக்கொள்ளும்வரை விட்டுவிட்டு, கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"படிச்சேன் மச்சான். என் ஷாப்புக்கு வர்றவன் எல்லாம் அதத்தான் பேசுறான். உனக்கெதுக்கு அது? உன் சேசிஸ் நல்லாருக்கே."

"நல்லா இல்ல. இடது பக்கம், பின் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருந்துச்சு."

ஆர்மண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. பள்ளியில் பரிசு வாங்கிய பையன் மாதிரி.

"இருந்துச்சு. இப்போ இல்ல."

"என்னடா சொல்ற?"

"நான்தான் அடைச்சேன். அக்டோபர்ல, சோதனைக்கு விட்டியே, அப்போ. தகடு வெட்டி, வெல்டிங் வச்சு, தேச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சு. ஓட்டையோட ஸ்டிக்கர் ஒட்ட முடியாதே. உனக்குப் பொறந்த நாள் வேற. காசும் கேக்கல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா அது என்ன பரிசு?"

நடீன் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நமக்குக் கல்யாணமான பதினொரு வருஷத்துல இவன் உனக்குக் கொடுத்த ஒரே பரிசு. அதுவும் இப்படி."

நான் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். வெல்டிங் வைத்து ஒட்டுப் போட்ட பகுதி சோதனையில் சேராது. ஒரு வண்டிக்கு ஒரு சோதனைதான்.

"வேற எங்கயாச்சும் ஓட்டை இருக்கும்டா" என்றேன்.

"எங்க இருக்கும்? மத்த இடமெல்லாம் நீ எண்ணெயில ஊறப்போட்டு ஊறுகா மாதிரி வச்சிருக்க. ஊர்லயே நல்ல சேசிஸ் உன்னுதுதான், அந்த ஒரு ஓட்டையத் தவிர." தட்டைத் தள்ளி வைத்தான். "வேணும்னா இன்னைக்கே கிரைண்டர் போட்டு என் தகட்ட அறுத்து எடுத்துடறேன். ஓரத்துல உப்புத் தண்ணி தெளிச்சா பத்து நாள்ல பழைய ஓட்டை மாதிரியே ஆயிடும். ஒரு பயலுக்கும் தெரியாது."

"வேண்டாம். ஒட்டுப் போட்டிருக்குன்னு சொல்லித்தான் காட்டுவேன்."

"சொன்னா கிடைக்காது மச்சான்."

"இவன விட்டுடு" என்றாள் நடீன். "இவனுக்குப் பொய் வராது. கல்யாணத்துல ஃபாதர் சம்மதமான்னு கேட்டப்போ ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டுத்தான் சொன்னான்."

அது உண்மைதான். கேள்வி பெரியதாக இருந்தது.

மே முதல் வாரம் டீலர் ஷாப் இருக்கும் செயின்ட் ஜான்ஸ்பரிக்குப் போனேன். கம்பெனியிலிருந்து சோதனை செய்ய ஒரு அம்மா இரண்டு நாள் டீலர் ஷாப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆர்மண்டும் அவன் வண்டியில் பின்னாலேயே வந்தான். சேசிஸ் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமாம்.

"வா. ஆனா நீ வாயத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிறேன்."

"நான் ஏன் மச்சான் திறக்கப் போறேன்?"

காத்திருக்கும் அறை பிரசவ வார்டு வாசல் மாதிரி இருந்தது. எட்டு பத்து ஆண்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரும் பேசாமல். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும். டங், டங், டங். ஒவ்வொரு டங்குக்கும் யாரோ ஒருவர் முகம் சுருங்கும். திடீரென்று டொப்பென்று ஒரு சத்தம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வோம். கதவு திறந்தது. ஹாலிஸ் என்கிற பால் பண்ணைக்காரர் வெளியே வந்தார். எழுபது வயது இருக்கும். வாசல்படியிலேயே கத்தினார்.

"முப்பத்தெட்டு! எண்ணிப் பாத்தாங்க! முப்பத்தெட்டு ஓட்டை!"

எழுந்து போய் ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டினோம். அடுத்து வந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "எனக்கு நல்லாருக்காம்" என்றார். யாரோ அவருக்கு ஒரு டோனட் எடுத்துக் கொடுத்தார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

எங்கள் முறை வந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள். கீழே இரண்டு வாளி நிறைய என் ஒன்பது வருட எண்ணெய்ப் புழுதியைச் சுரண்டிப் போட்டிருந்தார்கள். சர்வீஸ் மேனேஜர் டுவேன் நின்றுகொண்டிருந்தான். நாலு மெக்கானிக்குகள் வேலை செய்வது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஆர்மண்டைத் தெரியும். தங்களால் முடியாத வெல்டிங் வேலையை அவனிடம்தான் அனுப்புவார்கள்.

கம்பெனி அம்மாவின் பெயர் யோலாண்டா பிரூவிட். மே மாதத்தில் கழுத்து வரை பனிக்கோட்டு போட்டிருந்தார்.

"நான் அரிசோனா" என்றார், யாரும் கேட்காமலே. "எங்க ஊர்ல முப்பது வருஷத்து வண்டிக்கு அடியில படுத்துச் சாப்பிடலாம். இங்க வந்துதான் இரும்பு உதிரும்னு பாத்தேன். நீங்க என்ன வேலை பாக்கறீங்க மிஸ்டர் பெல்கி?"

"ரோட்டுக்கு உப்புப் போடறேன் மேடம்."

என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

ஒட்டு விஷயத்தை உடனே சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் இடது பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். பின் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னால் தட்டினார். மணி அடித்த மாதிரி கேட்டது. இன்னொரு தரம் தட்டி, கையால் தடவினார்.

"ஆகா. இந்த இடத்தப் பாருங்க டுவேன். கம்பெனி வேலைன்னா இதான். எல்லா இடத்துலயும் இப்படிச் செஞ்சிருந்தா நான் ஏன் இந்தக் குளிர்ல சாகப் போறேன்? பாருங்க, எவ்வளவு நேர்த்தியா..."

"மேடம்" என்று நான் ஆரம்பித்தேன்.

"கம்பெனி வேலையா?" என்றான் ஆர்மண்ட்.

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் காலை மிதித்தேன். ஆறடி நாலங்குல ஆளுக்குக் கால் தலையிலிருந்து ரொம்ப தூரம்.

"மேடம், மன்னிக்கணும். உங்க கம்பெனிக்கு நூறு வருஷம் ஆனாலும் அப்படி வெல்டிங் வைக்க வராது. அது என் வேலை. ஆர்மண்ட் ஜெர்வே. இவங்களக் கேட்டுப் பாருங்க."

மெக்கானிக்குகள் நால்வரும் தலையாட்டினார்கள். ஒருவன் கிட்டே வந்து தடவிப் பார்த்து, "அடேங்கப்பா" என்றான்.

"நான் சொல்ல வந்ததும் அதான் மேடம்" என்றேன். "அங்க ஒட்டுப் போட்டிருக்கு. எனக்கே போன மாசம்தான் தெரியும்."

"சொன்னதுக்கு நன்றி. மத்தவங்க சொல்றதில்ல." சாக்பீஸை எடுத்தார். "எது வரைக்கும் உங்க வேலை மிஸ்டர் ஜெர்வே? எனக்கு ஓரமே தெரியல."

"தெரியாது மேடம். யாருக்கும் தெரியாது." கையை நீட்டிக் காட்டினான். "இங்கேருந்து, இதோ, இங்க வரைக்கும். முழுசா ரெண்டடி."

யோலாண்டா மஞ்சள் சாக்பீஸால் இரண்டடிக்கு ஒரு கட்டம் போட்டார். அதற்குள் தட்ட மாட்டார் என்று அர்த்தம். பிறகு மற்ற இடங்களைத் தட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். டங், டங், டங். துரு உதிர்ந்தது. அதற்கடியில் இரும்பு கெட்டியாகத்தான் இருந்தது. கம்பியை வைத்து அழுத்தினார், எங்கும் போகவில்லை. ஒன்பது வருடம் எண்ணெய் அடித்த ஒவ்வொரு சனிக்கிழமையையும் நான் நினைத்துப் பார்த்தேன்.

"நல்லா வச்சிருக்கீங்க" என்றார், வருத்தத்தோடு. இதற்குள் அவரும் இந்த வியாபாரத்தைப் புரிந்துகொண்டிருந்தார். படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். டுவேன் மெழுகு அடிக்கும் துப்பாக்கியைக் கொண்டுவரப் போனான்.

அக்டோபரில் ஸ்டிக்கர் இல்லை. அதன் பின்னாலேயே பனி. டவுன் ஆபீசில் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆர்மண்ட் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மச்சான், கொஞ்சம் வெளிய வா."

வெளியே பழைய டயர்களுக்குப் பக்கத்தில் நின்றோம். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. அவ்வளவு பெரிய ஆள் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தகடு பத்தல மச்சான்."

"எந்தத் தகடு?"

"உன் வண்டிக்கு. என்கிட்ட ஒன்றரை அடிதான் இருந்துச்சு. கடைசி ஆறு அங்குலம் நான் வெல்டிங் வைக்கல."

"பின்ன?"

"பட்டி போட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பட்டி என்பது கார் கதவில் குழி விழுந்தால் அப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடிக்கிற பசை. காய்ந்தால் கல் மாதிரி ஆகும், அவ்வளவுதான். அதில் பலம் எதுவும் கிடையாது.

"சேசிஸ்லயாடா? பட்டியா?"

"கத்தாத. கேக்கப்போறாங்க."

"அந்த வண்டியில நான் குளிர்காலம் பூரா மலையேறி எறங்கியிருக்கேன்!"

"தெரியும்."

"உங்கக்கா பக்கத்துல உக்காந்து வந்திருக்கா!"

"தெரியும் மச்சான். பனிப்புயல் வருதுன்னாங்க. நீ வண்டிய இன்னைக்கே கொடுன்னு வந்து நின்ன. தகடு திங்கக்கிழமைதான் வரும்னு கடைக்காரன் சொல்லிட்டான். திங்கக்கிழமை உன்னக் கூப்புட்டு மாத்திக்கலாம்னு இருந்தேன். அன்னைக்கு நீ பனி தள்ளப் போயிட்ட. அடுத்த வாரமும் பனி. அப்புறம்..." கையால் முகத்தைத் துடைத்தான். "அப்புறம் வெக்கமா போச்சு. நான் பட்டி போட்டேன்னு நானே எப்படிச் சொல்றது? அதான் அடுத்த வருஷம் கொண்டு வராதன்னு சொன்னேன்."

அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த உயரத்துக்கு என் கை எட்டாது. அதோடு, கோபத்துக்கு நடுவிலேயே எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆறு அங்குலமும் மஞ்சள் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. பட்டிக்கு அடியில் என்ன இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான் உள்ள போய்ச் சொல்லட்டுமா வேண்டாமா? நீ சொல்லு" என்றான். "அந்தப் பசங்க நாலு பேரும் நிக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள கவுண்டி பூரா பரவிடும்."

"இதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ போட்ட பட்டி, உன் வாய்."

அவன் ரோட்டைப் பார்த்தான். அவன் வண்டி அங்கேதான் நின்றது. ஏறிப் போய்விடுவானோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனான்.

டுவேன் துப்பாக்கியோடு லிஃப்டுக்கு அடியில் நின்றான்.

"நிறுத்துங்க" என்றான் ஆர்மண்ட். கொஞ்ச நேரத்துக்கு முன் பெருமை பேசிய அதே குரல், அதே சத்தம். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. "மேடம், கட்டத்தப் பெருசா போட வச்சிட்டேன். கடைசி ஆறு அங்குலம் என் வெல்டிங் இல்ல. பட்டி."

டுவேன் துப்பாக்கியைக் கீழே இறக்கினான்.

"யாரு போட்டது?" என்றான் ஒரு மெக்கானிக்.

"நான்."

"நீயா?"

"நான்தான்டா. காது கேக்கலியா? ஆர்மண்ட் ஜெர்வே, சேசிஸ்ல, பட்டி. போதுமா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு பிறகு வந்தது. இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

யோலாண்டா படிவத்தில் எழுதியதை அடித்தார். "வெல்டிங் வச்ச பகுதிதான் சோதனையில சேராது. பட்டி எங்களுக்கு அழுக்கு மாதிரி. அழுக்கச் சுரண்டிட்டுத்தான் பாப்போம்."

"அழுக்கா?" என்றான் ஆர்மண்ட். அந்த நிலையிலும் அவனுக்கு மனசு வலித்தது. "மூணு தடவ தேச்சேன் மேடம்."

"எங்கேருந்துன்னு காட்டுங்க."

காட்டினான். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். ஒரு மெக்கானிக் உளியால் பட்டியைப் பெயர்த்தான். காய்ந்த ரொட்டி மாதிரி வந்தது. யோலாண்டா சுத்தியலை ஓங்கினார். முதல் அடிக்குச் சத்தமே வரவில்லை. இரண்டாவது அடிக்குச் சுத்தியலின் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து எடுக்க டுவேன் வர வேண்டியிருந்தது. கம்பி தேவைப்படவில்லை. ஆனாலும் விதி விதிதான் என்று கம்பியை விட்டார். இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"வாழ்த்துக்கள் மிஸ்டர் பெல்கி."

எல்லோரும் கைதட்டினார்கள். கதவருகில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹாலிஸ், இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருந்தவர், தொப்பியைத் தூக்கிப் போட்டார். நான் தட்டவில்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முஷ்டி உள்ளே போகும். ஜனவரியில் நடீனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று மேட்டில் வழுக்கியது ஞாபகம் வந்தது. எனக்கு ஓட்டை கிடைத்துவிட்டது, வேலை பிழைத்தது. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆர்மண்ட் யோலாண்டாவிடம் மெதுவாக, அதாவது அவனுக்கு மெதுவாக, கேட்டான்: "மாநிலத்துக்கு எழுதுவீங்களா மேடம்?"

"என் படிவத்துல பட்டிக்கு இடம் இல்ல" என்றார். பிறகு, "ஆனா நான் உங்க அக்காவா இருந்தா சுத்தியல வேற எடத்துல வச்சிருப்பேன்" என்றார். அக்கா பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? டயர்களுக்குப் பக்கத்தில் அக்கா பற்றி நான் கத்தியது மட்டும் ஷாப் முழுக்கக் கேட்டிருந்தது.

புது சேசிஸ் வந்து மாற்ற ஒன்பது வாரம் ஆகும், அந்த வண்டியை ஒரு அடி கூட ஓட்டக் கூடாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதுவரைக்கும் ஓட்ட ஒரு கார் கொடுத்தார்கள். எலுமிச்சைப் பச்சை நிறம். கதவு இரண்டு. பின்சீட்டில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வைக்கலாம், மூட்டை சிறியதாக இருந்தால்.

மே மாதம் எங்கள் மண் ரோடு சேறாக இருக்கும். பாதி மேட்டிலேயே பச்சைக் கார் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த ஆர்மண்ட் இறங்கி, சங்கிலி போட்டு, அவன் பிக்கப்பால் இழுத்தான். நான் ஜன்னலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே சமதளத்துக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றினான். சுருட்டிச் சுருட்டி, தேவைக்கு மேல் ரொம்ப நேரம் சுருட்டினான்.

"மச்சான், அக்காகிட்ட..."

"நீதான் சொல்லணும்."

"நீ பக்கத்துல இருப்பியா?"

"இருப்பேன். ஆனா உனக்காகப் பேச மாட்டேன்."

நடீன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கிடைச்சிருச்சா? ஓட்டை கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு" என்றேன். "எப்படின்னு உன் தம்பி சொல்வான்."

சொன்னான். ஒன்றையும் மறைக்காமல், தகடு, புயல், திங்கட்கிழமை, வெட்கம் எல்லாவற்றையும் சொன்னான். நடீன் கடைசி வரை கேட்டாள். அவள் சிரிக்காமல் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"வேற யாரு வண்டியிலயாச்சும் பட்டி போட்டிருக்கியாடா?"

"சத்தியமா இல்லக்கா. ஒருத்தனுக்கும் போட்டதில்ல. மத்தவனுக்குப் போட்டா சட்டையப் புடிப்பான். இது குடும்பம்தானேன்னு..."

அவனே பாதியில் நிறுத்திவிட்டான். தான் என்ன சொல்கிறோம் என்று அவன் காதுக்கே கேட்டிருக்கும்.

நடீன் கையை நீட்டினாள். "சாவியக் கொடு."

"எந்தச் சாவி?"

"உன் வண்டிச் சாவி. புது சேசிஸ் வர்ற வரைக்கும் கிளேட்டன் உன் பிக்கப்ப ஓட்டட்டும். அந்தப் பச்சைக் கார நீ எடுத்துக்கோ."

"அக்கா, என் ஷாப்புக்கு... எஞ்சின், கியர் பாக்ஸெல்லாம் ஏத்தணும்..."

"பின்சீட்டு இருக்குல்ல?"

பச்சைக் காரை வேறு ஆள் ஓட்டக் கூடாது என்று இருக்கிறதா என்று கம்பெனிக் காகிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். பெயரைப் பதிவு செய்துகொண்டு ஓட்டலாம் என்றிருந்தது. டுவேனுக்கு போன் போட்டேன். ஆர்மண்ட் பேரையா எழுத வேண்டும் என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் டுவேன் யாரிடமோ அதைச் சொன்னான். பிறகு நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆர்மண்ட் சாவியைக் கொடுத்தான். பச்சைக் காரின் கதவைத் திறந்து, முதலில் தலையை விட்டுப் பார்த்தான், சரிப்படவில்லை. பிறகு ஒரு காலை விட்டான். கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தான். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நின்றன. நடீன் அப்போதுதான் சிரித்தாள்.

"சாயங்காலம் சாப்பிட வருவியா?" என்றாள்.

"வர்றேன்க்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேட்டுக்குக் கீழயே நிறுத்திட்டு நடந்து வர்றேன்."